விதிப்புத்தகமும் ஒரு ஃபியட்டும்

"கார்பரேட்டர் இலவசமுங் சித்தப்பா" என்று நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்குப் பதினேழு வயது. பாலிடெக்னிக்கில் முதலாண்டு. லேத்தில் குனிந்திருந்த சித்தப்பா மோட்டாரை அணைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆரு குடுக்கறாங்களாமா?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆங்கிலத்தில் இருந்த அந்த விதிப்புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. கார்பரேட்டர், ஃப்ரீ. அடுத்த வரியில் ஷாக் அப்சார்பர், ஃப்ரீ. அதற்கடுத்து பிரேக் லைனிங், ஃப்ரீ. இத்தனையையும் இலவசமாகக் கொடுக்கிறவர்கள் நுழைவுக் கட்டணம் மட்டும் ஏன் கேட்கிறார்கள் என்று இருவரும் சிறிது நேரம் உண்மையாகவே யோசித்தோம். இரண்டு நாள் கழித்து, ராலிகளுக்குப் போய்வந்த பழக்கமுள்ள ஒரு மெக்கானிக் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபிறகுதான் பொருள் விளங்கியது. அந்தப் பாகத்தை நம் விருப்பம்போல மாற்றிக்கொள்ளலாம், கேட்க ஆளில்லை. அதுதான் அந்தச் சொல்லுக்கு அந்தப் புத்தகத்தில் பொருள். அதைவிட முக்கியமான வாக்கியம் ஒன்று முதல் பக்கத்திலேயே இருப்பதையும் அவர்தான் காட்டினார். வெளிப்படையாக அனுமதிக்கப்படாத மாற்றங்கள் அனைத்தும் தடைசெய்யப்பட்டவை. ஊர் வழக்கத்துக்கு நேரெதிரான வாக்கியம். நமக்குத் தெரிந்த உலகத்தில், கூடாது என்று யாரும் சொல்லாதவையெல்லாம் செய்யத்தக்கவை.

இது 1989ஆம் ஆண்டு, கோவையில், கணபதியில் நடந்தது. அப்போது அங்கே தெருவுக்கு நான்கு லேத் பட்டறைகள் ஓடும். காலை எட்டு மணிக்கு ஃபவுண்டரிகளில் கிளம்பும் கரிப்புகையை வைத்தே எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று சொல்லிவிடலாம். சித்தப்பா பம்ப் செட்டுகளுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுப்பவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் மைக்ரோமீட்டரை எடுத்துத் திருகும்போது அவர் விரல்களில் வருகிற நிதானத்தை, பின்னர் நான் பார்த்த எந்தப் பொறியாளரிடமும் கண்டதில்லை.

கோவைக்குக் கார்ப் பந்தயம் புதிதல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்கு எங்கள் ஊரிலிருந்து லாரியில் கார்கள் போகும். கரிவரதன் மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை இங்கேயே கட்டிக்கொண்டிருந்தார். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை சென்ற நரேன் கார்த்திகேயனின் தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் அப்போதே பேர்பெற்ற ராலி ஓட்டுநர். ஆனால் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குப் பாகம் கடைந்து கொடுப்பவர்கள் நாங்கள். இந்தக் கோட்டைத் தாண்டவேண்டும் என்று சித்தப்பாவுக்கு எப்போது தோன்றியது என்று தெரியவில்லை. ஒருநாள், டாக்ஸியாக ஓடித் தேய்ந்த ஒரு பிரீமியர் பத்மினியை இழுத்து வந்து பட்டறைக்குள் நிறுத்தினார். நாங்கள் அதை ஃபியட் என்றே சொன்னோம். ஊரே அப்படித்தான் சொன்னது.

பட்டறைச் சுவரில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு படம் ஒட்டியிருக்கும். பழைய பேப்பர் கடையில் கிலோக்கணக்கில் வாங்கிய வெளிநாட்டுக் கார்ப் பத்திரிகை ஒன்றிலிருந்து கிழித்தது. வெள்ளை நிறக் கார், அதன்மேல் நீலமும் சிவப்புமாகப் பட்டைகள், பின்னால் புழுதி. லான்சியா டெல்டா எஸ்4 என்று கீழே போட்டிருந்தது. ஓட்டுநரின் பெயர் ஹென்ரி தொய்வோனன். சித்தப்பா வேலைக்கு நடுவே அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்துக்கொள்வார். அவருக்கு அது சாமிப் படத்துக்கு அடுத்த இடத்தில் இருந்தது.

*

பதினான்கு மாதம் அந்தக் காரைக் கட்டினோம். கட்டினோம் என்று நான் சொல்வது கொஞ்சம் கூடுதல். அவர் கட்டினார், நான் படித்தேன்.

மாலையில் கல்லூரி விட்டு வந்ததும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அன்றைக்கு வேண்டிய பகுதியை வாசித்துத் தமிழில் சொல்லவேண்டும். அவர் கேட்கும் கேள்விகள் எப்போதும் புத்தகத்தில் இல்லாதவற்றைப் பற்றியே இருக்கும். "சிலிண்டர் ஹெட்டைச் சீவக்கூடாதுன்னு இருக்குதா?" இல்லை, சீவலாம் என்று இருக்கிறது. "எத்தனை சீவலாம்னு இருக்குதா?" இல்லை. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவினால் எரியறை சிறுத்து அழுத்தம் கூடும். எஞ்சினுக்கு வலு ஏறும். அளவுமீறிச் சீவினால் எஞ்சின் தட்டும், கேஸ்கட் பறக்கும். விதி மௌனமாக இருந்த இடத்தில் இரும்பு பேசும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எரிவாயு போகும் துளைகளின் உட்புறத்தைச் சிறிய சாணைக்கல்லால் பதினைந்து இரவுகள் தேய்த்து மழமழப்பாக்கினார். ஒரு பெரிய கார்பரேட்டரைத் தேடிப் பிடித்து, அதைப் பொருத்தும் அலுமினிய இணைப்புக்கு மரத்தில் அச்சு செதுக்கி, அடுத்த தெரு ஃபவுண்டரியில் வார்த்தெடுத்தார். பின்பக்கத்து லீஃப் பட்டைகளை மாற்றியடுக்கினார். அடியில், கல் அடித்து சம்ப் உடையாமலிருக்க ஒரு கனத்த தகடு. பின் சீட், தரைவிரிப்பு, கதவு உறை எல்லாம் கழற்றிப் பரணில் போனது. பெட்ரோல் டேங்க்கைப் பின் சீட் இருந்த இடத்துக்கு நகர்த்தினார். எடை நடுவே வந்தால் வளைவில் வண்டி வால் ஆட்டாது என்பது அவர் கணக்கு, கணக்கு சரியும்கூட. டேங்க்கை நகர்த்தக்கூடாது என்று எங்கள் கையிலிருந்த புத்தகத்தில் இல்லை. நகர்த்தலாம் என்று பாதுகாப்பு பற்றிய அதிகாரத்தில் ஒரு வரி இருந்தது. கடைசியாக ரோல் கேஜ். கார் புரண்டால் கூரை நசுங்காமல் தாங்கும் குழாய்க்கூடு. இரும்புக் குழாயால் கேஜ் கட்டாயம் என்று மட்டும் இருந்தது. எந்த இரும்பு என்று இல்லை. எங்களிடம் தண்ணீர்க் குழாய்க்கான ஜிஐ பைப் இருந்தது.

ஓட்டப்போவது சித்தப்பா. பக்கத்தில் உட்கார்ந்து வழிக்குறிப்புகளை வாசித்துச் சொல்லப்போவது நான். பின்னே, ஆங்கிலம் தெரிந்தவன் நான்தானே.

அந்த மாதங்களில் எனக்கு ஒன்று புலப்பட்டது. கல்லூரியில் தமிழாசிரியர் நூற்பாவும் உரையும் நடத்தும்போது அது உறுதிப்பட்டது. ஒரே நூற்பாவுக்கு சேனாவரையர் ஒரு பொருள் கொள்வார், நச்சினார்க்கினியர் வேறு பொருள் கொள்வார். நூற்பா சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதில்தான் உரையாசிரியனுக்கு வேலை. சித்தப்பாவும் ஓர் உரையாசிரியர்தான். அவருடைய உரை இரும்பில் இருந்தது.

*

நாங்கள் செய்தது சின்ன உரை. அந்தச் சுவரொட்டிக் கார் எப்பேர்ப்பட்ட உரை என்பதை வெகுகாலம் கழித்து, இதுபற்றித் தேடிப் படிக்கத் தொடங்கியபிறகே அறிந்தேன்.

1982இல் உலக ராலிப் போட்டிகளுக்குக் குரூப் பி என்றொரு புதிய பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய குரூப் 4இல் ஒரு கார் மாதிரி அங்கீகாரம் பெற 400 கார்கள் செய்திருக்கவேண்டும். குரூப் பியில் 200 போதும். அந்த 200ஐச் செய்துவிட்டால், அதன் மேம்பட்ட வடிவமாக இன்னும் 20 கார்களை மட்டும் தனியாகச் செய்து பந்தயத்தில் இறக்கலாம். தெருவில் ஓடும் காரைப் பந்தயத்துக்குத் திருத்துவது என்ற பழைய முறை இதோடு தலைகீழானது. முதலில் பந்தயக் காரைச் சிந்தித்துவிட்டு, பிறகு விதிக்காக 200 கார்களை வாசலில் நிறுத்தினார்கள். லான்சியா தன்னுடைய 037க்கு அங்கீகாரம் கேட்டபோது, ஒரு மைதானத்தில் கார்களை எண்ணி முடித்த அதிகாரிகளை நீண்ட மதிய விருந்துக்கு அழைத்துப்போய், அதற்குள் அதே கார்களை அடுத்த மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. உண்மையோ பொய்யோ, ராலி உலகம் இன்றும் ரசித்துச் சொல்லும் கதை அது.

இன்னொரு விதி, டர்போவோ சூப்பர்சார்ஜரோ பொருத்திய எஞ்சினின் கொள்ளளவை 1.4ஆல் பெருக்கி வகைப்படுத்தவேண்டும் என்றது. அந்த வகையைப் பொறுத்தே காரின் குறைந்தபட்ச எடை. ஔடி குவாட்ரோவின் எஞ்சின் 2144 சிசி. 1.4ஆல் பெருக்கினால் 3001.6. வெறும் ஒன்றரை சிசிக்காக 3000 என்ற எல்லைக்கு வெளியே போய், கனத்த கார்களோடு நிற்கவேண்டியதாயிற்று. அடுத்த வடிவத்தில் எஞ்சினை 2109 சிசியாகக் குறைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். பெஜோ 205 டர்போ 16க்கு 1775 சிசி, பெருக்கினால் 2485. எங்கள் சுவரிலிருந்த லான்சியாவுக்கு 1759 சிசி, பெருக்கினால் 2463. இரண்டும் 2500க்குச் சற்றுக் கீழே. அந்த வகைக்கு 890 கிலோ போதும். 3000 வகைக்கு 960 கிலோ வேண்டும். எந்தப் பொறியாளனும் கனவில் 1759 என்ற எண்ணைக் கண்டு விழித்திருக்கமாட்டான். அது விதியிலிருந்து வகுத்தெடுத்த எண். ஈற்றடி மூன்று சீர்தான் என்று யாப்பு சொல்லிவிட்டபிறகு, அந்த மூன்றாம் சீரில் உலகத்தை அடைக்கப் பார்க்கிற வெண்பாக்காரன்போல, அந்தச் சின்ன எஞ்சினில் தாழ்ந்த வேகத்துக்கு ஒரு சூப்பர்சார்ஜர், உயர்ந்த வேகத்துக்கு ஒரு டர்போ என்று இரண்டையும் பூட்டினார்கள்.

உரைக்கும் புரட்டுக்கும் உள்ள கோட்டையும் ராலி வரலாறே ஒருமுறை தெளிவாக வரைந்து காட்டியது. 1995இல் டர்போவுக்குள் போகும் காற்றை 34 மில்லிமீட்டர் துளையுள்ள ஒரு வளையத்தால் கட்டுப்படுத்தவேண்டும் என்பது விதி. ஸ்பெயினில் நடந்த கட்டலூன்யா ராலியில், டொயோட்டா செலிக்காவில் அந்த வளையம் ஸ்பிரிங்குகளின்மேல் உட்கார்ந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. காற்றுக்குழாயைப் பூட்டி இறுக்கினால் வளையம் விலகி ஓரமாகவும் காற்றுக்கு வழிவிடும். பரிசோதகர் குழாயைக் கழற்றினாலோ வளையம் தானாகத் தன் இடத்துக்கு வந்து ஒழுங்காக நிற்கும். அபாரமான வேலைப்பாடு என்று தண்டித்தவர்களே வியந்தார்கள். அணியின் புள்ளிகள் பறிக்கப்பட்டன. ஓராண்டுத் தடையும் வந்தது. விதி சொல்லாததைச் செய்வது உரை. விதியைப் பார்க்கிறவனிடம் ஒன்றைக் காட்டி வேறொன்றைச் செய்வது பொய்.

பொய்க்கு ஸ்பிரிங்குகூட வேண்டாம். வாசிக்கும்போது இரண்டு பத்திகளை விட்டுவிட்டாலே போதும். நான் செய்தது அதுதான்.

*

1990 டிசம்பரில் ஒரு நீண்ட உறை வந்தது. நாங்கள் பெயர் கொடுத்திருந்த போட்டியின் அமைப்பாளர்கள் அனுப்பியது. சைக்ளோஸ்டைல் செய்த நான்கு தாள்கள். வரும் ஜனவரி முதல் நடப்புக்கு வரும் திருத்தங்கள். ரோல் கேஜ் தையலில்லாத, அதாவது சீம்லெஸ் குழாயில்தான் இருக்கவேண்டும்; ஆறு இடங்களில் உடற்கட்டோடு பிணைக்கப்படவேண்டும். பெட்ரோல் டேங்க் எங்கே இருந்தாலும் அதற்கும் ஆட்கள் உட்காருமிடத்துக்கும் நடுவே தீயும் திரவமும் புகாத தடுப்பு வேண்டும். இணங்காத வாகனங்கள் அனுமதிக்கப்படமாட்டா.

உறையைப் பட்டறை வாசலிலேயே பிரித்து நின்றபடி படித்தேன். உள்ளே முந்தின நாள்தான் கேஜின் கடைசி வெல்டிங் முடிந்திருந்தது. நான்கு காலில் நிற்கிற கேஜ். அதற்குச் சிவப்பு ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் டயர்களுக்காகச் சித்தியின் இரண்டு பவுன் சங்கிலி அடகுக்குப் போயிருந்ததும் எனக்குத் தெரியும்.

"என்ன கண்ணு எழுதியிருக்குது?"

"ஹெல்மெட்டு, நுழைவுக் கட்டணம், அப்புறம் டாக்டர் சர்ட்டிபிகேட்டுங்" என்றேன். அவையும் இருந்தன. ஆகவே அது முழுப்பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்ம ஊரில் யார் குழாயைத் தட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன். அந்தத் தாள்களை என் இயந்திரவியல் புத்தகத்துக்குள் வைத்தேன். சுமார் ஐந்து வாரம் அவை அங்கே இருந்தன. அதற்குள் அவர் இன்னும் எவ்வளவோ செலவு செய்தார்.

பரிசோதனை நாளன்று விடிகாலையில் மைதானத்தில் வரிசையில் நின்றோம். பரிசோதகர் வயதானவர்; காக்கி அரைக்கைச் சட்டை; கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. பானெட்டைத் திறந்து பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அந்த அலுமினிய இணைப்பை விரலால் தடவி, "யார் வார்த்தது?" என்று கேட்டார். சித்தப்பா வெட்கத்தோடு தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். பிறகு அவர் உள்ளே குனிந்தார். ஒரு சின்னச் சுத்தியலால் கேஜை இரண்டு இடத்தில் தட்டினார். பின்னால் டேங்க்கைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்து, தன் கோப்பிலிருந்து அதே நான்கு தாள்களை எடுத்து, "இது உங்களுக்கு வரலையா?" என்றார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார்.

"வந்துதுங்" என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. ஃபியட்டை ஓட்டிக்கொண்டு திரும்பினோம். அந்த எஞ்சின் எவ்வளவு அழகாக இழுத்தது என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பந்தயத்துக்காகக் கட்டிய அந்தக் கார், நாங்கள் இருவரும் ஏற எங்கேயாவது போய்வந்தது என்றால் அந்தப் பயணம் மட்டும்தான். வழிக்குறிப்பு வாசிக்க வேண்டிய இருக்கையில் நான் வாய்மூடி உட்கார்ந்திருந்தேன்.

பத்துநாள் கழித்து ஒரு மாலை பட்டறைக்குக் கூப்பிட்டனுப்பினார். "அந்தக் காயிதத்த எடுத்தா. முழுசாப் படி" என்றார். படித்தேன். ஹெல்மெட்டிலிருந்து கடைசிக் கையொப்பம் வரை. தையலில்லாத குழாய் என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். மீந்துபோயிருந்த ஜிஐ பைப்பில் ஒரு சாண் நீளம் அறுத்தெடுத்து, பட்டைக்கல்லின்மேல் கிடத்தி, சம்மட்டியால் அடித்தார். மூன்றாவது அடியில் குழாய் நீளவாக்கில் வாயைப் பிளந்தது. தகட்டைச் சுருட்டி வெல்டிங் செய்து குழாயாக்கிய அந்தத் தையல் ஓடிய கோட்டில் சரியாகப் பிளந்திருந்தது. பிளவின் ஓரம் அரிவாள்போல இருந்தது. அதை என்னிடம் நீட்டினார். சூடாக இருந்தது.

"அந்தாளு சொன்னது சரிதான்" என்றார்.

*

விதியை மாற்றுகிறவர்கள் ஏன் மாற்றுகிறார்கள் என்று அந்த வயதில் நான் யோசித்ததில்லை. மாற்றுகிறார்கள், நாம் அழிகிறோம், அவ்வளவுதான் தெரிந்தது. சுவரிலிருந்த படத்தின் மீதிக் கதையைப் படித்தபோதுதான் வேறு பக்கமும் தெரிந்தது.

1986 மார்ச்சில் போர்ச்சுகல் ராலியில் ஒரு ஃபோர்டு ஆர்எஸ்200 சாலையைவிட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. பார்வையாளர்கள் மூவர் இறந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். மே 2ஆம் தேதி கோர்சிகா தீவின் மலைச்சாலையில், முன்னணியில் இருந்த தொய்வோனனின் டெல்டா எஸ்4 ஓர் இடப்பக்க வளைவில் நேரே போய்ச் சரிவில் விழுந்தது. பார்த்தவர்கள் யாருமில்லை. பெட்ரோல் டேங்க் கிழிந்து தீப்பற்றியது. எரிந்து அடங்கியபோது குழாய்ச்சட்டம் மட்டுமே மிஞ்சியிருந்தது. தொய்வோனனுக்கு 29 வயது. பக்கத்து இருக்கையில் வழிக்குறிப்பு வாசித்துவந்த செர்ஜியோ கிரெஸ்தோவும் இறந்தார். அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 1985 மே 2இல், அதே ராலியில், அதே லான்சியா அணியின் அத்திலியோ பெத்தேகா இறந்திருந்தார்.

அந்த விபத்தை அடுத்து, அப்போதைய ஆட்சியமைப்பான ஃபீசா, அதன் தலைவர் ழான்-மரி பலேஸ்த்ரின் வாய்மொழியாக, 1987 முதல் குரூப் பி இல்லை என்று அறிவித்தது. அதைத் தொடர வேண்டியிருந்த குரூப் எஸ் என்ற திட்டமும் கைவிடப்பட்டது. இனி குரூப் ஏ. 200 அல்ல, 5000 கார்கள் செய்து விற்றிருக்கவேண்டும். பெஜோ நீதிமன்றம் போனது. விதி மாறவில்லை.

இதில் எனக்கு மிக நெருக்கமாகத் தோன்றுவது பிரிட்டனின் எம்ஜி மெட்ரோ 6ஆர்4 என்ற காரின் கதை. மற்றவர்கள் டர்போவுக்குப் போனபோது, 1.4ஆல் பெருக்கவேண்டிய தொல்லையே வேண்டாமென்று, 2991 சிசியில் சாதாரணமாகக் காற்றிழுக்கும் வி6 எஞ்சினைத் தேர்ந்தார்கள். புதிய எஞ்சின் தயாராகும்வரை சோதிப்பதற்கு, ரோவரின் எட்டு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு சிலிண்டர்களை அறுத்தெடுத்துவிட்டு மீதியை ஒட்டவைத்து ஓட்டினார்களாம். இதைப் படித்தபோது பட்டறை வாசனை என் மூக்கில் ஏறியது. 1981இல் தொடங்கிய வேலை. 1985 நவம்பரில்தான் அங்கீகாரம் கிடைத்தது. அந்த மாதமே நடந்த ஆர்ஏசி ராலியில் டோனி பாண்ட் அதை மூன்றாமிடத்துக்கு ஓட்டிவந்தார். அடுத்த மே மாதம் அதன் ஆயுள் முடிவு செய்யப்பட்டது. நான்கு ஆண்டு உழைப்புக்கு, உலகப் போட்டியில் சுமார் ஓராண்டு வாழ்வு. அந்தக் கார் யாரையும் கொல்லவில்லை. யாரோ இறந்ததற்காக அது நிறுத்தப்பட்டது.

நியாயமா என்றால், நியாயமில்லை. தேவையா என்றால், ஆம் என்றுதான் இப்போது சொல்வேன். இந்த இரண்டு பதில்களையும் ஒன்றாக்க நான் பல ஆண்டுகள் முயன்று விட்டுவிட்டேன்.

கார்கள் போனாலும் கைவேலை முற்றாகப் போய்விடுவதில்லை. 6ஆர்4இன் எஞ்சின் டாம் வாக்கின்ஷாவின் நிறுவனத்துக்குக் கைமாறி, வளர்த்தெடுக்கப்பட்டு, இரண்டு டர்போக்களோடு 1992இல் ஜாகுவார் எக்ஸ்ஜே220க்குள் வந்து உட்கார்ந்தது. லான்சியா தன்னுடைய சாதாரண டெல்டாவையே எடுத்துப் புதிய விதிக்கேற்பத் திருத்தி, 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது. ராலிக்கு அகலச் சக்கரம் வேண்டும். விதிப்படி ராலிக் கார் கடைக் காரைப்போல இருக்கவேண்டும். ஆகவே கடையில் விற்ற காரின் சக்கர வளைவுகளே புடைத்துக்கொண்டன. இத்தாலியத் தெருக்களில் ரொட்டி வாங்கப்போன கார்களின் தோள்களைக்கூட ஒரு விதிப்புத்தகம் எழுதியிருக்கிறது.

எங்கள் ஃபியட்டின் எஞ்சினை ஒருவர் வாங்கிப்போனார். உடல் இரும்புக்கடைக்குப் போனது. சித்தியின் சங்கிலி மீள நான்கு ஆண்டுகள் ஆயின. பாலிடெக்னிக் முடித்து எனக்கு வேலை கிடைத்ததும், என் முதல் ஆறு மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி அதற்குப் போயிற்று. அது கடன் அடைத்தது ஆகாது என்று தெரியும்.

சித்தப்பா பிறகு பந்தயத்துக்குப் போகவில்லை. ஆனால் சீம்லெஸ் குழாய் வாங்கி, உள்ளே மணலைத் தட்டிக் கெட்டித்து, இரண்டு முனையிலும் மர ஆப்பு அடித்து, சூடேற்றி வளைக்கப் பழகிக்கொண்டார். மணல் இருந்தால் வளைவில் குழாய் நசுங்காது. மற்றவர்களுடைய ராலிக் கார்களுக்குக் கேஜ் செய்து கொடுத்தார். ஆறு கால்கள் உள்ள கேஜ். ஒவ்வொரு குழாயிலும் ஒரு துண்டை அறுத்துச் சம்மட்டியால் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். திருத்தங்கள் வந்தால் என்னை அழைப்பார். நான் ஊரில் இல்லாத ஆண்டுகளில் தபாலில் அனுப்பிவைப்பார். ஒரு வரி விடாமல் தமிழில் எழுதி அனுப்புவேன். நான் வாழ்க்கையில் மிகுந்த கவனத்தோடு செய்த மொழிபெயர்ப்புகள் அவைதாம்.

சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது என் கைபேசியில் பழைய ராலிக் காட்சிகளை அவருக்குக் காட்டினேன். எண்பதைத் தாண்டிவிட்டார். கண் மங்கிவிட்டது; காது நன்றாக இருக்கிறது. எஸ்4இன் சத்தத்தைக் கேட்டதும், "ரெண்டு ஊதலும் கேக்குது பாரு" என்றார். சூப்பர்சார்ஜர் அடங்கி டர்போ எழும் இடத்தை அவர் காது பிரித்துவிட்டது. அப்போதுதான் சொன்னேன். சுவரில் ஒட்டியிருந்த படத்திலிருந்த பையன் இறந்துபோனான் என்று. நாம் கார் கட்டத் தொடங்குவதற்கு மூன்று வருடம் முன்பே இறந்துவிட்டான். நமக்குத்தான் தெரியாது என்று.

வெகுநேரம் பேசவில்லை. வாசலில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள்.

"டேங்க்க எங்க வெச்சிருந்தாங்க?" என்றார்.

"சீட்டுக்குக் கீழங் சித்தப்பா."

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே, கையை நீட்டி என் முதுகைத் தொட்டார். தோளுக்குச் சற்றுக் கீழே, இருக்கையில் சாய்ந்தால் படும் இடத்தில்.

"நாம இங்க வெச்சிருந்தோம்" என்றார்.